கொழும்பில் குடும்பச் சுற்றுலாவின் நடுவே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

கடல் தெரியும் அறையைவிட, மருந்துக்கடையும் மளிகைக்கடையும் நடக்கும் தூரத்தில் உள்ள வீட்டைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. சென்னையிலிருந்து சென்ற நாங்கள், கொழும்பில் தமிழர்கள் அதிகம் வாழும் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், ஒரு குடும்பத்தார் வாடகைக்கு விடும் மாடியில் தங்கினோம். மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டபோது, அதன்பின் தேவைப்பட்ட அனைத்தையும் தமிழிலேயே பேசி, பெரும்பாலும் நடந்தே முடித்துக்கொள்ள முடிந்ததற்கு அந்த இடமே காரணம்.

விடிந்ததும் வீட்டுக்கார அம்மா, “பிள்ளைக்குப் பனடோலைத் தவிர வேற ஒண்டும் குடுக்காதேங்கோ, காய்ச்சல் நிக்காட்டி ரத்தம் சோதிச்சுப் பாருங்கோ” என்றார். இந்த அறிவுரையை நான் மிகவும் மதிக்கிறேன். கொழும்பு டெங்கு நிலைபெற்றுவிட்ட நகரம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,80,000-க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாயினர். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபன், ஆஸ்பிரின், மெஃபெனமிக் அமிலம் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அவை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அங்கே பனடோல் என்ற பெயரில் விற்கும் பாராசிட்டமாலிலும் கவனம் தேவை. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம் என்பது வழக்கமான அளவு. நம் ஊர்க் கடைகளில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கின்றன. ஆகவே “இரண்டு மூடி கொடுப்போம்” என்ற பழக்கத்தை நம்பாமல், கையில் உள்ள புட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்த பின்பே ஊற்றுங்கள். புறப்படும் முன் குழந்தையின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. எங்களிடம் மருந்தாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

வேலைகளை நாங்கள் தெளிவாகப் பிரித்துக்கொண்டோம். மகளின் அருகில் நான் இருந்தேன்; வெளிவேலை முழுவதும் கணவருடையது. கஞ்சிக்கு அரிசி, மாரி பிஸ்கட், செவ்விளநீர், ஜீவனி உப்புக்கரைசல் பொதி, சலவைக்குப் போட்ட விரிப்புகள், தொலைபேசிக்கு ரீலோட், சில்லறையாக மாற்றிய ரூபாய் என்று அந்தப் பட்டியல் நீண்டது. உப்புக்கரைசல் பொதியில் எவ்வளவு நீர் என்று எழுதியிருக்கிறதோ, கொதித்தாறிய நீரை அதே அளவில் சேர்க்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூத்தவனும் அப்பாவுடன் கடைகளுக்குப் போனான். பேருந்துகளின் பெயர்ப்பலகைகளில் தமிழைக் கண்டுபிடித்து உரக்கப் படிப்பதில் அவனுக்கு இருந்த மகிழ்ச்சி, கண்டிப் பயணம் கைவிடப்பட்ட வருத்தத்தை வெகுவாகத் தணித்தது.

நான் ஒரு தாளில் காய்ச்சலின் அளவு, மருந்து கொடுத்த நேரம், குடித்த நீர், சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை எழுதி வந்தேன். அங்கே தனியார் மருத்துவரைப் பார்க்க முன்கூட்டியே ‘சனல்’ செய்து, அதாவது முன்பதிவு செய்து, எண் பெற வேண்டும். பல மருத்துவர்கள் மாலையில்தான் தனியாக நோயாளர்களைப் பார்க்கிறார்கள். எங்கள் மருத்துவர் அந்தத் தாளை வரிவரியாகப் படித்துவிட்டே பரிசோதனையைத் தொடங்கினார். மூன்றாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனை சாதாரண வைரஸ் காய்ச்சல் என்ற முடிவுக்கே இட்டுச்சென்றது.

இருந்தும் அவர் அழுத்திச் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை. அதையடுத்த ஓரிரு நாட்களில்தான் நிலைமை மோசமாகக் கூடும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் மாலைநேர மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணை அழைத்தால் ‘சுவசெரிய’ இலவச அவசர ஊர்தி வரும். கொழும்பின் பொரளையில் சிறுவர்களுக்கென்றே சீமாட்டி ரிட்ஜ்வே அரசு மருத்துவமனை இருக்கிறது. திரும்பும் விமானம் அந்த நாட்களில் அமைந்திருந்தால், பயணத் தேதியை மாற்றுவதற்கு ஆகும் செலவைப் பொருட்படுத்தாதீர்கள். மருத்துவர் மீண்டும் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே குழந்தையை விமானத்தில் ஏற்றுங்கள்.