தலைவலிக்குக் கைவைத்தியம்: எந்த வலிக்கு எது?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மஞ்சக்குப்பம்: அக்கா, சுக்குப் பற்றுப் போட்டால் வலி குறையாமல் நெற்றிதான் தீயாய் எரிகிறது. மறுநாள் தோல் உரிகிறது. சுக்கு சரியில்லையா?

சுக்கில் குறையில்லை, போடும் விதத்தில்தான் இருக்கிறது. கடைப்பொடியைக் குழைத்து அப்பினால் திப்பி தோலில் உறுத்தும், பற்றும் தடிமனாகிவிடும். முழுச் சுக்கை வாங்கி மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சந்தனக் கல்லில் நாலைந்து சொட்டு வெந்நீர் விட்டு இழைத்தால் கெட்டி மோர் பதத்தில் விழுது வரும். அரை டீஸ்பூன் போதும். நெற்றியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, தோல் தெரிகிற அளவுக்கு மெலிதாகப் பூசுங்கள். பத்து நிமிஷம் இருக்கட்டும். அதற்குள் ஓரம் காய்ந்து தோலை இழுக்க ஆரம்பித்தால் உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காய்ந்து வெடிக்கும்வரை விடுவதும், பிறகு வெந்நீரில் தேய்த்துக் கழுவுவதும்தான் தோலைப் புண்ணாக்குகின்றன.

சளி கோத்துத் தலை பாரமாக இருக்கும்போதுதான் சுக்கு. வெயிலில் வந்த வலிக்குச் சுக்கைப் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். அதற்குச் சந்தனமோ ஈரத்துணியோ போடுங்கள்.

நெல்லிக்குப்பம்: நீர்க்கோவை மாத்திரையைத் தினம் எத்தனை விழுங்கலாம்?

ஒன்றுகூட விழுங்கக் கூடாது. பெயர்தான் மாத்திரை, அது தலையில் நீர் கோத்து வரும் வலிக்கு வெளியே பூசும் சித்த மருந்து. வெந்நீரில் குழைத்து நெற்றியிலும் மூக்கின் இரு பக்கமும் பூச வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்: ஏகாதசி விரதத்தன்று மட்டும் சாயங்காலம் மண்டை பிளக்கிறது. பட்டினியாலா?

பட்டினியும் ஒரு காரணம்தான். ஆனால் தினம் மூன்று வேளை டிகாக்‌ஷன் காபி குடிப்பவர் அன்று ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்தால், பெரும்பாலும் காபி நின்றதால் வரும் வலி அது. கடைசிக் காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைதூக்கும். தைலம், பற்று எதுவும் சரியாக எடுபடாது. விரதத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே டிகாக்‌ஷனைக் குறையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்தால் உடம்பு முரண்டு பிடிக்காது. உங்கள் விரத முறையில் பால் உண்டென்றால் காலையில் கால் டம்ளர் காபி குடித்தாலே போதும். தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்: கத்திரி வெயிலில் சென்ட்ரிங் வேலை. மத்தியானத்துக்கு மேல் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கிறது. சோடா குடித்தும் நிற்கவில்லை.

தம்பி, வியர்வையில் போனது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். ஒரு லிட்டர் குடிதண்ணீரில் தலைதட்டி அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரையுங்கள். அதை ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போட்டால் கூடிப்போகும், வாந்திதான் வரும். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் உட்கார்ந்து பிடரியிலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். உடன் வேலை செய்பவர் உடம்பு கொதிக்கக் கொதிக்க உளறினாலோ தள்ளாடினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை அவர்மேல் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

லாஸ்பேட்டை: ஒற்றைத் தலைவலி, வாந்தி. வெளிச்சமே ஆகாது. வாரத்தில் நாலு நாள் மாத்திரை போடுகிறேன். இஞ்சி கேட்குமா?

கேட்கும், வலி தொடங்கும்போதே எடுத்தால். ஈரானில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 100 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடி இரண்டு மணி நேரத்தில், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் சுமாட்ரிப்டான் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. அந்த அளவு கால் டீஸ்பூனுக்கும் குறைவு. வெந்நீரில் கலந்து குடித்துவிட்டு இருட்டறையில் படுங்கள். வாந்தி வந்த பிறகு குடித்துப் பயனில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எனக்கு இஞ்சியைவிட அந்த நாலு நாள் கணக்குதான் கவலை. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகையோ என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வாரம் நாலு நாள் என்றால் மாதத்துக்கு 16, 17 நாள், நீங்கள் அந்த நாள் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள். காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு என்று குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தும்போது முதல் சில நாள் வலி கூடும், அதனால் தனியாக முயல வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர்: ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி. தலை வலிக்குமோ என்று கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை நெற்றியில் தடவலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாயில் கொஞ்சம் பட்டு உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆவியும் பிடிக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் குழந்தை வெந்துபோகும்.

முதலியார்பேட்டை: ஏழு மாதக் கர்ப்பம். இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது. மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்?

கைவைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், அது உங்களுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பரங்கிப்பேட்டை: தலைபாரத்துக்கு நொச்சி இலை அடைத்த தலையணை செய்தேன். படுத்தால் தும்மல்தான் வருகிறது.

இலை சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்திருக்கும். காம்பை நீக்கி, நிழலில், கையில் கசக்கினால் நொறுங்கும்வரை உலர்த்த வேண்டும். கடலோர ஈரக்காற்றில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யவே வேண்டாம். இருக்கிற இலையைக் கொட்டிவிட்டு, உறையை வெந்நீரில் துவைத்து, தை பிறந்ததும் புது இலை பறியுங்கள்.