வாசகர் கேள்வி: கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து கணினிப் பொறியியலுக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் வசிக்கிறோம். என் மகன் வீட்டிலிருந்தபடியே ஈராண்டுக் கம்யூனிட்டி கல்லூரியில் முதல் செமஸ்டரை முடிக்கப் போகிறான். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கணினிப் பொறியியல் படிக்க விரும்புகிறான். எல்லாத் துறையினரும் படிக்க வேண்டிய ஆங்கிலம், சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டால் நல்லது என்கிறார்கள் நண்பர்கள். அது சரிதானா?
— ஒரு தாய்

பதில்: வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளுக்கு மாறுகிறவர்களுக்கு அந்த யோசனை பொருந்தலாம், உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. பொறியியலுக்கு வேண்டிய பாடங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பவை. நுண்கணிதத்தின் முதல் பாடத்தை முடித்தால்தான் இயக்கவியலில் சேர முடியும். அதன் பிறகே மின்காந்தவியல், அதற்கும் பிறகே மின்சுற்றுப் பாடம் என்பதால், இந்த வரிசைக்கே நான்கு செமஸ்டர்கள் ஆகிவிடும். நடுவில் ஒன்று தவறினால் பெரும்பாலும் ஓராண்டே தள்ளிப்போகும். ஏனெனில் பல்கலைக்கழகங்களின் பொறியியல் பிரிவுகள் வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் மாணவர்களைப் பொதுவாக இலையுதிர் பருவத்தில்தான் சேர்க்கின்றன. ஆகவே அடுத்த செமஸ்டரில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் இருக்கட்டும். பொதுப் பாடங்களை இடையிடையே கோடை வகுப்புகளில் முடித்துக்கொள்ளலாம். முதல் செமஸ்டரில் நுண்கணிதம் எடுக்கவில்லை என்றால், இப்போதே மூன்றாண்டுத் திட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அவசரத்தில் கணிதத்தில் மதிப்பெண்ணை இழப்பதுதான் பெரிய நஷ்டம்.

இன்று மாலையே மகனோடு உட்கார்ந்து 'அசிஸ்ட்' என்னும் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கிடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் தளம் அது. இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் என்று வரிவரியாக இருக்கும். சில வரிகளின் வலப்பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அந்த வரிகளைத்தான் நான் முதலில் தேடுவேன், ஏனென்றால் அந்தப் பாடத்தைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் பகுதியிலேயே டி ஆன்சா கல்லூரியில் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்), ஓலோனி கல்லூரியில் செமஸ்டர் முறை. நுண்கணிதம் போன்ற தொடர்பாடத்தை ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் தொடர்ந்தால் நடுவில் சில பகுதிகள் விட்டுப்போகலாம். நிரலாக்கம் எந்த மொழியில் என்பதும் வளாகத்துக்கு வளாகம் மாறுவதால், ஒரே பல்கலைக்கழகத்தை நம்பாமல் நான்கைந்தின் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 6 வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவுசெய்யும் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கு இடம் உறுதி செய்கின்றன. அதற்குச் செப்டம்பர் மாதத்தில், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்கள் இதில் சேரவில்லை. சேர்ந்த வளாகங்களிலும் சிலவற்றில் கணினி சார்ந்த பிரிவுகளுக்கு இந்த உறுதி கிடையாது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தையும் மறக்காமல் பட்டியலில் வையுங்கள்.

கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் வீதம் 60 யூனிட்டுக்குப் பாடக் கட்டணம் 2,760 டாலர்தான். உறவினர் யாரேனும் இந்த வழியைத் தாழ்வாகப் பேசினால் மகனின் மனம் வாடவிடாதீர்கள். முடிவில் கைக்கு வரும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பட்டமே. பட்டியல்களை அச்செடுத்துக்கொண்டு, அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்குமுன் கல்லூரி ஆலோசகரை, முடிந்தால் பொறியியல் மாணவர்களைக் கவனிப்பவரையே, மகன் நேரில் சந்திக்கட்டும்.