கேளுங்க சொல்றோம்: ஒத்தக் கண்ணு ராணி

கேள்வி: ஆப்பிரிக்காவுல ஒரு கண்ணு தெரியாத ராணி ரோம் படையவே அடிச்சுத் தொரத்திட்டாங்கன்னு எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துது சார், நெஜமா இல்ல உடான்ஸா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பாதி நெஜம்மா. இப்ப சூடான் இருக்கற எடத்துல குஷ்னு ஒரு ராஜ்ஜியம், நைல் கரையில மெரோவேதான் தலைநகரம். அங்க ஒத்தக் கண்ணு ராணி ஒருத்தங்க இருந்தாங்கன்னு அதே காலத்து கிரேக்க ஆளு ஸ்ட்ராபோ எழுதி வெச்சிருக்காரு, அவரு கந்தாகேன்னு குஷ் ராணிங்களோட பட்டத்த மட்டும்தான் சொல்றாரு, சொந்தப் பேர் சொல்லல, அமானிரேனாஸ்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. (பைபிள்ல அப்போஸ்தலர் 8ல வர்ற கந்தாகே இவங்க இல்ல, பின்னாடி வந்த வேற ராணி.)

கி.மு. 25 வாக்குல எகிப்துல இருந்த ரோம் படையில ஒரு பங்கு அரேபியா பக்கம் போயிருந்துச்சு, அந்த நேரமாப் பாத்து குஷ் படை அஸ்வான், எலிஃபன்டைன், ஃபிலேன்னு மூணு ஊரையும் புடிச்சு அங்க இருந்த ரோம் பேரரசர் அகஸ்டஸ் சிலையெல்லாம் சாய்ச்சிடுச்சு. சும்மா இருப்பாங்களா? ரோம் கவர்னர் பெட்ரோனியஸ் வந்து போட்ட போடுல குஷ்ஷோட நபட்டா ஊரே காலி, போறப்போ ப்ரிமிஸ் கோட்டையில 400 பேர ரெண்டு வருஷ சாப்பாட்டோட உக்கார வெச்சிட்டுப் போனாரு. அந்தக் கோட்டைய அடிக்க ராணி பெரும்படையோட வந்தாங்க, அங்கயும் அவரே முந்திக்கிட்டாரு. அதாவது சண்டைக் கணக்குல ரோமுக்குத்தான் ஜாஸ்தி மார்க், மெசேஜ் எழுதுனவரு இதையெல்லாம் வசதியா முழுங்கிட்டாரு.

ஆனா அதுக்கப்புறம்தான் எனக்குப் புடிச்ச பார்ட். அந்தம்மா தூது அனுப்புனாங்க, சீசர்கிட்டயே (அதாங்க, அகஸ்டஸ்) போய்ப் பேசுங்கன்னாரு பெட்ரோனியஸ், அதுக்கு தூதருங்க சீசரா, யாரு அது, எங்க இருக்காருன்னு கேட்டாங்களாம்! தெரியாமலா கேட்டிருப்பாங்க, செம நக்கல். தொணைக்கு ஆள் போட்டு சாமோஸ் தீவுக்கு அனுப்பி வெச்சாங்க, அங்க அகஸ்டஸ் இவங்க கேட்டதெல்லாம் குடுத்து வரியையும் தள்ளுபடி பண்ணிட்டாரு. தோத்த பக்கம் வரி கட்டாம வீட்டுக்குப் போச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?

கேள்வி: அந்த சிலைங்க என்னாச்சு?
- கல்லூரி மாணவர், திருவான்மியூர்

பதில்: ஒரு தலை மட்டும் கெடச்சுது தம்பி. 1910ல கார்ஸ்டாங்னு ஒருத்தர் மெரோவேல தோண்டுனப்போ ஒரு கோயில் படிக்குக் கீழ அகஸ்டஸோட வெண்கலத் தல பொதைஞ்சு கெடந்துச்சு, உள்ள போற வர்ற ஒவ்வொருத்தரும் மிதிச்சிட்டுப் போகணும்னே அங்க வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. 2001ல மெரினாவுல கண்ணகி சிலைய எடுத்ததுக்கே நம்ம ஊரு எவ்ளோ கொதிச்சுது, இது பேரரசர் தல! மண்ணுக்குள்ள கெடந்ததால அந்தக் கண்ணாடிக் கண்ணு கூட அப்படியே இருக்கு. இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல, உள்ள போக டிக்கெட் கெடையாது, அங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.