இரண்டு நாளாக நல்ல வெயில், காஷ்மீரில் குல்மார்க்கை ஒட்டிய அபர்வத் மலையில் பனிச்சறுக்கு போகலாமா?

வெயிலை மட்டும் நம்பி என்றால், வேண்டாம்; பனிச்சரிவு வரலாம். கண்டோலா என்ற கம்பிவட வண்டியில் இரண்டாம் கட்டம் வரை ஏறி, குல்மார்க் ரோந்துக் குழு கவனிக்கும் எல்லையைத் தாண்டி இறங்கப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் கட்டம் முடியும் கொங்தூரியில் படம் எடுத்துத் திரும்புகிறவருக்கு இந்தப் பதில் தேவைப்படாது.

வெயில் தொடுவது மேற்பரப்பை. வினை இருப்பது அடியில். பருவத் தொடக்கத்தில் கொஞ்சமாக விழுந்த பனிமேல் மேகமில்லாத குளிர் இரவுகள் தொடர்ந்தால், தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்திலும் மேற்பரப்பு மைனஸ் 15-லும் இருக்கும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனி ஒட்டாத சர்க்கரைப் பரலாகிவிடும். அள்ளிப் பாருங்கள், கொழுக்கட்டை பிடிக்க வராது. அதன்மேல் காற்றோடு கொட்டிய பனி பலகையாக இறுகினால், 30 முதல் 45 டிகிரி சரிவில் பனிச்சரிவைக் கிளப்ப ஓர் ஆள் எடையே போதும். இந்த அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சோதிக்க, குழி தோண்டி, பக்கவாட்டில் 90 செ.மீ., உள்வாக்கில் 30 செ.மீ. தூணாகப் பனியை வெட்டுங்கள். ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் மறுமுனைக்கு ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடாவிட்டால் அனுமதிச் சீட்டு கிடைத்ததாக அர்த்தமில்லை. இருபது மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரும். 'ஒரு குழியை வைத்து மலையை அளக்கிறாயா' என்று கீழே எழுத வருபவர்களுக்கும் இதுதான் பதில். நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கினால் குழி தோண்டிப் பார்க்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

'பனிச்சரிவு எச்சரிக்கையில் அபாயம் நடுத்தரம் என்றுதானே போட்டிருக்கிறது?' அது குல்மார்க் இருக்கும் பாராமுல்லா மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் என்று மொத்தமாகச் சொல்வது. காற்று பனியை அள்ளிக் கொட்டிய மறுபக்கச் சரிவு அதைவிட மோசமாக இருக்கலாம். அபர்வத்தின் ஹபத்குட்டில் 2023 பிப்ரவரி 1 அன்று பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் கொங்தூரிப் பக்கம் ரஷ்யர் ஒருவர்.

457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), துழாவும் கோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வழிகாட்டியின் பையில் மட்டும் இருந்தால், புதைவது அவராகவும் இருக்கலாம். கைபேசியைப் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுக்கப் பாருங்கள்; அதற்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு சரசரவென்று விழுந்துவிடும். மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது. வாடகைக்கு எடுத்தால் பேட்டரி அளவைக் கடையிலேயே பாருங்கள்.

கேட்காத ஒன்று: 2016-இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் புதைந்தபோதும் நம் செய்திகளில் பனிப்பொழிவு, பனிப்புயல், பனிச்சரிவு எல்லாம் ஒன்றாகத்தான் ஓடின. மார்கழிப் பனிக்கும் அதே சொல்தான். மூன்றும் வேறு என்று எழுத ஒரு வரி போதுமே ஐயா!