கடலில்லாத மதுரைக் கிராமத்தில் எதற்குத் தயாராக வேண்டும்?

மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், கடலோ பெரிய ஆறோ பக்கத்தில் இல்லாத ஊருக்குப் பேரிடர் முன்னேற்பாடு தேவைதானா, தேவையென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தேவை. நானும் அதே பக்கத்தில், கண்மாய்க்குக் கீழே உள்ள தெருவில் ஓட்டு வீட்டில் குடியிருப்பவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் மழைக்காலம் உயிர்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஓர் ஊரில் சுவர் இடிந்து ஒரு பாட்டி, இன்னோர் ஊரில் தரைப்பாலத்தைக் கடக்கப் போன ஓர் இளைஞன், வேறோர் ஊரில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் இடி விழுந்து ஒருவர், அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஒருவர் என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுவதால், இவற்றை யாரும் பேரிடர் என்று கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு முதலில் இந்த நான்கையும் மனத்தில் வைத்துத்தான் இருக்க வேண்டும். அதற்காகப் பெரிய மழையை மறந்துவிடவும் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்து ஊர்கள் தீவுகளாயின. அப்படிப்பட்ட மழை நம் பக்கம் வராது என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எனவே முதல் வேலை, உங்கள் வீடு தண்ணீரின் பாதையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்குப் போகும். ஆகையால் உங்கள் ஊரில் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட, மேலே பத்து மைல் தள்ளிப் பெய்த மழையின் தண்ணீர் நடுராத்திரியில் வந்து சேரலாம். அப்பாவிடமோ ஊரில் மடை பார்க்கும் நீர்பாய்ச்சியிடமோ மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: நம் கண்மாய்க்குத் தண்ணீர் எந்தக் கண்மாயிலிருந்து வருகிறது, மறுகால் போனால் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும், முன்பு கரை உடைந்திருந்தால் எந்த இடத்தில் உடைந்தது. கண்மாயின் உபரி நீர் வெளியேறும் கலுங்கிலிருந்து போகும் ஓடையில் இப்போது வீடு கட்டியிருக்கிறார்களா, கருவேல மரம் மண்டியிருக்கிறதா என்பதையும் நேரில் நடந்து பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பழைய பாதை அடைபட்டால் தண்ணீர் தானாகவே ஒரு புதுப் பாதையைத் தேடிக்கொள்ளும். மதுரை நகருக்குள்ளேயே 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

கரை எப்படி உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிகுறியை நேரத்தோடு கண்டுகொண்டால் ஊரையே காப்பாற்ற முடியும். எலி வளை, நண்டு வளை, வெட்டிப் போட்ட மரத்தின் வேர் மக்கி விட்ட துளை ஆகிய இவற்றின் வழியாகத் தண்ணீர் கரைக்குள் புகுந்து வெளிச்சரிவில் கசியத் தொடங்கும். கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிவாக வந்தால் விடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய கசிவு. கலங்கலாக வந்தால், உள்ளே மண்ணை அரித்துத் துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அப்போது தாமதிக்காமல் கீழ்த்தெருவை எழுப்பிவிட வேண்டும். அனுபவமுள்ளவர்கள் கசியும் வாயை நேராக அடைக்கப் போகாமல், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் தண்ணீர் நிற்கும்படி செய்து அதன் வேகத்தைத் தணிப்பார்கள். இது உங்கள் அப்பா செய்ய வேண்டிய வேலை அல்ல. ஆனால் கரையில் ராத்திரி காவல் போகிறவர்களின் செல்போன் எண் அவரிடம் இருக்க வேண்டும்.

சோழவந்தான், திருப்புவனம் போல வைகைக் கரையில் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கு அணையின் கணக்கு தெரிந்திருக்கட்டும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படும். இரண்டாம் எச்சரிக்கை வந்தவுடனேயே ஆற்றுக்குள் கட்டியிருக்கும் மாட்டையும் பம்புசெட்டையும் மேலே கொண்டுவந்துவிடுவது நல்லது.

அடுத்தது சுவர், எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மண் சுவர் காய்ந்திருக்கும்வரை பல தலைமுறைக்கு நிற்கும். அடி நனைந்தால் தாங்காது. ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் சுவரோரத்தில் விழுந்து பள்ளம் பறித்து, அங்கேயே தேங்கி, அடிச்சுவர் ஊறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டு பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், பார்வைக்கு உறுதியாகத் தெரிகிற சுவர்கூட உள்ளே இளகிக் கிடக்கலாம். புதிதாக விரிந்த விரிசல், அடியில் புடைப்பு, திடீரென்று இறுகிக்கொண்டு திறக்க முடியாத கதவு, மேலிருந்து உதிரும் மண் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த அறையில் படுக்கக் கூடாது. மழை ஓய்ந்து ஓரிரண்டு நாள் கழித்தும் சுவர் சாயும். நம் வீட்டுச் சுவரை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று விடிவதற்கு முன் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான மதில் ஒன்று வீடுகளின் மேல் சாய்ந்து 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். புரட்டாசிக்குள் சுவரோரப் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். ஓட்டு விளிம்பில் தகர வாய்க்கால் வைத்துத் தண்ணீரைத் தள்ளி விடுங்கள். கட்டிலை விரிசலில்லாத உள்சுவர்ப் பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அடைமழை ராத்திரிகளில் பள்ளிக்கூடத்திலோ உறவினரின் தார்சு (கான்கிரீட் தளம் போட்ட) வீட்டிலோ போய்ப் படுக்க வேண்டும் என்று இப்போதே பேசி முடிவு செய்து வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் போனில் சொன்னால் "இத்தனை வருசமா நிக்கிற வீடுப்பா" என்ற பதில்தான் வரும்.

இடியைப் பொறுத்தவரை, மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டுவிட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. புளிய மரத்தடி, களத்து மேட்டுத் தகரக் கொட்டகை, கிணற்று மேடு எதுவும் பாதுகாப்பு இல்லை. இடி தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. பயமில்லாமல் தொட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். தாமினி என்ற செயலி அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். அப்பாவிடம் சாதாரண போன்தான் என்றால், அதை உங்கள் போனில் வைத்துக்கொண்டு நீங்கள் அழைத்துச் சொல்லலாம்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் காத்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. இருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். ஊருக்குள் வரும் ஒரே வழி தரைப்பாலம் என்றால், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, டார்ச்சோடு கதவருகே ஆணியில் மாட்டி வைத்தால் போதும். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கட்டிப் போட்ட மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்து விட்டது நீந்தி மேடு தேடிக்கொள்ளும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு ஊராட்சி, வட்டம் இரண்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன.

தண்ணீர் வடிந்த பிறகு பாம்பும் கிணறும்தான் கவனம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கிணற்றுக்கு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். நான்கு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் ஐந்து மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 160 கிராம் வரும். அதை வாளியில் குழைத்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி அலச வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு பத்தாது. சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கட்டும்.

இடிந்த சுவரை அப்புறப்படுத்துவதற்கு முன்பும், செத்த மாட்டைப் புதைப்பதற்கு முன்பும் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்து விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் என்று இருந்தது, ஆனால் மருத்துவரின் சான்று இல்லாமல் கிடைக்காது. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்திருந்தால், வயல் மூழ்கியவுடனேயே தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு ரசீதைப் படம் எடுத்து உங்கள் போனிலும் ஒன்று வைத்துக்கொண்டால், அப்பா வயலில் நிற்கும்போது ஓசூரிலிருந்தே நீங்கள் அந்தத் தகவலைக் கொடுத்துவிடலாம்.