முதலில் பார்ப்பவர் யார்? ‘கமாண்ட்’ கடல், வான் போர் விளையாட்டு: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ‘கமாண்ட்: மொடர்ன் ஒப்பரேஷன்ஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களும், ஆட ஆசைப்பட்டு முதல் நாளே மிரண்டு நிறுத்தியவர்களும் வருவார்கள். 2013இல் இதன் முந்தைய பதிப்பு வந்த காலம் தொட்டு நான் ஆடிவருவதால், போன முறை எல்லாரும் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி என்னிடம் தந்தார்கள். அன்று நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: இது கப்பல் ஓட்டிச் சுடுகிற விளையாட்டு என்று நினைத்து வாங்கினேன். திறந்தால் வரைபடமும் வட்டங்களும்தான் இருக்கின்றன. விளையாட்டு எங்கே?

தம்பி, அந்த வரைபடம்தான் விளையாட்டு. நிஜப் போர்க்கப்பலில் கட்டளை கொடுக்கிற அதிகாரியும் பெரும்பாலும் கடலைக் கண்ணால் பார்ப்பதில்லை. இருட்டறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அங்கே தெரிகிற புள்ளி என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பார். உங்கள் திரையில் சில வட்டங்கள் ராடார் எட்டும் தூரம், சில வட்டங்கள் ஆயுதம் எட்டும் தூரம். சுடுவது கடைசி ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் மணிக்கணக்கில் தேடுவதும் ஒளிவதும்தான் ஆட்டம். அதில் ருசி பிடித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது.

தெஹிவளை: என்னிடம் பழைய லப்டொப். ஓடுமா?

விண்டோஸ் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்ட் பெரிதாகத் தேவையில்லை, புரொசெசர்தான் முக்கியம். சிறிய களங்கள் (ஆடுவதற்கு அமைத்துத் தரும் போர்ச் சூழல்கள்) தாராளமாக ஓடும். நூற்றுக்கணக்கான விமானங்கள் பறக்கிற பெரிய களங்களில் திணறும். விலை கொஞ்சம் கூடத்தான், ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள்.

பம்பலப்பிட்டி மாணவி: என் கப்பலின் ராடார் வட்டம் 300 கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறது. ஆனால் ஏவுகணை பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. இது விளையாட்டில் உள்ள பிழையா, அண்ணா?

பிழை இல்லை, தங்கச்சி. பூமி உருண்டை என்பதுதான் காரணம். ஒரு பின்னேரம் காலிமுகத்திடலில் நின்று, துறைமுகத்தை விட்டுப் போகிற கப்பலைக் கவனியுங்கள். முதலில் உடல் மறையும், பிறகு மேல்தட்டு, கடைசியாகக் கொடிமரம். கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் நீங்கள் பார்க்கிற அடிவானம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம்தான்.

ராடாருக்கும் இதே விதி, கொஞ்சம் மட்டும் தாராளம். கணக்கு இதுதான்: உங்கள் ராடாரின் உயரத்துக்கும் எதிரிப் பொருளின் உயரத்துக்கும் (மீட்டரில்) தனித்தனியே வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வரும். ராடார் 25 மீட்டரில் இருக்கிறது, ஏவுகணை நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே வருகிறது. 5உம் 2உம் 7. நாலு பன்னிரண்டால் பெருக்கினால் 29 கிலோமீட்டர் கூட வராது. விநாடிக்கு 290 மீட்டர் வேகத்தில் வருகிற ஏவுகணைக்கு அது 100 விநாடி வழி. அதற்குள் அடையாளம் கண்டு, தடுப்பு ஏவுகணை விட்டு, தவறினால் இன்னொன்றும் விட வேண்டும்.

அந்த 300 கிலோமீட்டர் வட்டம் உயரத்தில் பறக்கும் விமானத்துக்குரியது. ஆகவே கண்ணை உயரத்தில் வையுங்கள். 9,000 மீட்டரில் பறக்கிற ராடார் விமானம் ஒன்றுக்கு, 9 மீட்டர் உயரமுள்ள கப்பல் ஏறக்குறைய 400 கிலோமீட்டரிலிருந்தே அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். என் கைக்குக் கிடைக்கிற களத்தில் அப்படி ஒரு விமானம் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் முதலில் பாதுகாப்பேன்.

அதே மாணவி, அடுத்த தாளில்: அப்படியானால் எல்லா ராடாரையும் எப்போதும் போட்டு வைப்பதுதானே நல்லது?

இல்லை. புதியவர்களை அதிகம் தோற்கடிப்பது இந்த எண்ணம்தான். கரண்ட் போன இரவில் ஒழுங்கைக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு வருகிறவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முன்னால் பத்தடி தெரியும். ஆனால் ஒழுங்கையின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு அவர் வருவது நன்றாகத் தெரியும். ராடார் அலை போய்ப் பட்டுத் திரும்பி வர வேண்டும், அதனால் எதிரொலி மிகவும் மெலிந்துதான் வரும். எதிரியின் உணரிக்கோ அது போகிற ஒருவழிப் பயணமே போதும்.

நான் செய்வது இது: கப்பல்கள் எல்லாம் அமைதி. ஒன்றை மட்டும், முக்கியமான கப்பல்களிலிருந்து தள்ளி, ராடார் போட வைப்பேன். அல்லது ஒரு விமானம் பேசும், மற்றவை கேட்கும். எதிரிக்கு ஏதோ இருக்கிறது என்று தெரியும், எங்கே எது என்று தெரியாது.

இதற்கு 1982 ஃபோக்லாந்துப் போரைப் படியுங்கள். மே 4ஆம் திகதி, ஆர்ஜென்டீனாவின் பழைய நெப்டியூன் ரோந்து விமானம் ஒன்று தூரத்திலிருந்து பிரித்தானியக் கப்பல்களைத் தேடிக் கொடுத்தது. இரண்டு சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் கடலை உரசிக்கொண்டு வந்து, கொஞ்சம் எழும்பி, ராடாரைச் சிறிது நேரம் மட்டும் போட்டுப் பார்த்து, எக்ஸோசெட் ஏவுகணைகளை விட்டுத் திரும்பின. அடிபட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் ‘ஷெஃபீல்ட்’ அந்த நேரம் செய்மதித் தொடர்பில் இருந்தது. அந்த ஒலிபரப்பே எதிரி ராடாரைக் கேட்கும் கருவியைச் செவிடாக்கிவிட்டது. 20 பேர் இறந்தார்கள், கப்பல் மே 10ஆம் திகதி மூழ்கியது. தேடியது பழைய விமானம், அடித்தது புதிய ஏவுகணை. புதியதைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறார்கள். எனக்கு அந்தப் பழையது பெரிதாகத் தெரிகிறது.

மட்டக்குளி: பன்னிரண்டு விமானம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக ரோந்துக்கு அனுப்புகிறேன். கொஞ்ச நேரத்தில் வானம் வெறுமையாகிவிடுகிறது.

மிஷன் அமைப்பில் மூன்றில் ஒரு பங்கு விதி என்று ஒரு தெரிவு உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறீர்கள். அதைப் போட்டால் நான்கு விமானம் வானில், மற்றவை வழியிலோ தளத்திலோ தயாராகிக்கொண்டோ இருக்கும். ஒருமுறை இறங்கிய விமானத்துக்கு மறுபடி எண்ணெயும் ஆயுதமும் ஏற்ற மணிக்கணக்காகும். சில சுமைகளுக்கு ஆறு மணி நேரம். நான்கு விமானம் குறைவாகத் தெரியும், ஆனால் அந்த நான்கு எப்போதும் இருக்கும்.

நீர்கொழும்பு: நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஹெலிகொப்டர் அதற்கு நேர் மேலே போயும் தெரியவில்லை.

கடலுக்குள் வெப்பநிலை சட்டென்று மாறுகிற ஓர் அடுக்கு உண்டு. மேலே போடும் சத்தம் அதில் வளைந்து போய்விடும், கீழே இருப்பவருக்கு அது கூரை மாதிரி. நல்ல கப்டன் அந்தக் கூரைக்குக் கீழேதான் நிற்பார். நீங்கள் போட்ட சோனோபோய்கள் (நீருக்குள் சத்தம் கேட்கும் மிதவைகள்) எல்லாம் ஆழமில்லாத வகையாக இருந்திருக்கும். பாதியை ஆழத்துக்கு இறக்குங்கள். அப்புறம் உங்கள் கப்பல்களின் வேகத்தைக் குறையுங்கள், ஓட்டத்தில் வருகிற இரைச்சலில் எதுவும் கேட்காது. எதிரி டீசல் நீர்மூழ்கி என்றால் பொறுமை உதவும். வேகமாக ஓடினால் அதன் பெட்டரி விரைவில் தீர்ந்துவிடும், சார்ஜ் ஏற்ற மேலே வந்து காற்றுக் குழாயை நீட்டியே ஆக வேண்டும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஓர் ஐயா: 1942இல் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கதையை என் தகப்பனார் சொல்லுவார். அதை இந்த விளையாட்டில் ஆட முடியுமா?

‘கமாண்ட்’டில் முடியாது, ஐயா. இதன் தரவுகள் 1946இலிருந்துதான் தொடங்குகின்றன. ‘வோர் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ என்று 2009இல் வந்த ஒன்றில் ஆடலாம். ஒரு முறைக்கு ஒரு நாள் என்று நகரும். இந்து சமுத்திரமும் கொழும்பும் அதன் வரைபடத்தில் உண்டு.

நான் இந்த வகை விளையாட்டுக்குள் வந்ததே அந்தக் கதையால்தான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். யப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் வந்துகொண்டிருந்தன. பிரித்தானியத் தளபதி சொமர்வில் ஏப்ரல் 1ஆம் திகதியளவில் தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. கப்பல்களுக்கு எண்ணெயும் நீரும் ஏற்ற மாலைதீவின் அட்டு தீவுக் கூட்டத்துக்குப் போனார். ஏப்ரல் 4 பின்னேரம், கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானம் ஒன்று, கனடிய விமானி லெனார்ட் பர்ச்சல் ஓட்டியது, ரோந்து முடியப்போகிற நேரத்தில் அந்தக் கப்பல்களைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். செய்தி வந்து சேர்ந்ததால் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல வெளியேற முடிந்தது.

அப்படித் தெரிந்திருந்தும், மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை விமானங்கள் வந்தபோது ராடார் எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிகேன் போர்விமானங்கள் தரையில் நின்றன. கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலையும் அப்போது ஓடுபாதையாக்கியிருந்தார்கள், அங்கிருந்தும் எழும்பினார்கள். அன்றே பகல், கொழும்பிலிருந்து முதல் நாள் இரவு புறப்பட்ட ‘டோர்செட்ஷயர்’, ‘கோர்ன்வோல்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டையும் நடுக்கடலில் கண்டு மூழ்கடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள். 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மீஸ்’ மூழ்கியது. விமானந்தாங்கி, ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை.

நீங்கள் பிரித்தானியப் பக்கம் எடுத்து ஆடினால் ஒன்று செய்யுங்கள்: தேடும் விமானங்களை ஒவ்வொரு நாளும் ஒரே திசைக்கு அனுப்பாதீர்கள். தகப்பனார் சொன்னதில் இடம், நேரம் ஏதாவது நினைவிருந்தால் எழுதித் தாருங்கள், ஐயா. எனக்கு அது பெறுமதியானது.

பெயர் எழுதாத தாள்: எடிட்டரில் (சொந்தமாகக் களம் அமைக்கும் பகுதியில்) நம் நாட்டு யுத்தத்தைச் செய்யலாமா?

எடிட்டரில் எந்த நாட்டையும் எந்த ஆண்டையும் வைக்கலாம், தடை இல்லை. நான் செய்வதில்லை. அந்தக் கடலில் போனவர்களின் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் புள்ளிகளாக்கி வெற்றி எண்ணுவதற்கு எனக்கு மனம் வராது. நீங்கள் செய்ய நினைத்தால், செய்வதற்கு முன் உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கதையுங்கள்.

வத்தளை அக்கா: மகனோடு சேர்ந்து ஆடப்போகிறேன். முதல் களத்தில் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது?

பயிற்சிக் களங்களில் ஒன்றை எடுங்கள், அக்கா. கடிகாரம் நிற்கட்டும், அவசரமே இல்லை. கட்டளைக் குறிப்பை முழுதாக வாசியுங்கள், மகன் சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது. என்னென்ன கப்பல், விமானம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கடலில் வியாபாரக் கப்பல்கள் போகுமா என்று பாருங்கள், அடையாளம் தெரியாத புள்ளியைச் சுட்டுவிட்டு அது சரக்குக் கப்பல் என்று தெரிந்தால் உங்கள் மதிப்பெண் பறிபோகும். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்று ஆளுக்கொரு விரலை வரைபடத்தில் வையுங்கள். இரண்டு விரலும் வேறு வேறு இடத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தேடும் விமானத்தை அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் அனுப்பிவிட்டு, பிறகு கடிகாரத்தை ஓடவிடுங்கள்.