மெல் கிப்சன் படமும் பாஸ்கா விருந்தும்: தூத்துக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மதியச் சாப்பாட்டு மேசையில், பெரிய வெள்ளி அன்று வீட்டில், ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான மெல் கிப்சன் எடுத்த ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ என்ற இயேசு படத்தைத்தான் போட்டுப் பார்ப்போம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் யூதர் முகம் மாறிப் பேச்சைத் திருப்பிவிட்டார். குடிபோதையில் ஒரு நடிகர் உளறியதை இத்தனை வருஷமாகவா பிடித்துக்கொண்டிருப்பார்கள், கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் இங்கே ஆகாதா என்று கேட்கிறீர்கள். அதே நண்பர் இப்போது, எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா விருந்துக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார், போகலாமா என்பது அடுத்த கேள்வி.

உளறல் நடந்தது 2006 ஜூலையில். மாலிபு கடற்கரைச் சாலையில் குடித்துவிட்டு வேகமாகக் கார் ஓட்டிய கிப்சனைப் போலீஸ் பிடித்தது. உலகத்தில் நடக்கும் எல்லாப் போர்களுக்கும் யூதர்கள்தான் காரணம் என்று கத்தினார், நீ யூதனா என்று அதிகாரியிடமே கேட்டார். அந்த அதிகாரி யூதர்தான்! பிறகு மன்னிப்புக் கேட்டு இரண்டு அறிக்கை விட்டார். வெறும் குடிப்பேச்சாக இருந்திருந்தால் ஊர் மறந்திருக்கும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த அந்தப் படம்தான் மறக்க விடவில்லை.

2004 தவக்காலத்தில் அது வெளியானபோது அமெரிக்காவில் மட்டும் சுமார் 37 கோடி டாலர் வசூல். கோயில் கோயிலாக டிக்கெட் வாங்கிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் பங்குக் கோயிலிலிருந்தும் போனோம், அழுதுகொண்டுதான் வெளியே வந்தோம். ஆனால் வெளியாவதற்கு முந்தைய வருஷமே கதைவசனத்தைப் படித்த கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சிலர் எச்சரித்திருந்தார்கள். தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநன் பிலாத்து நல்லவனாக, மனசாட்சியோடு தவிக்கிறான்; யூதத் தலைமைக் குரு காய்பாவும் யூதக் கூட்டமும் இரத்தவெறி பிடித்து நிற்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன குறை. மத்தேயு நற்செய்தியில் இவன் இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும் என்று கூட்டம் கத்துகிற வரி இருக்கிறதே, அது படத்தில் அரமேய மொழியில் ஒலிக்கும். எதிர்ப்பு வந்ததால் கீழே ஓடும் மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்தார்கள்.

அந்த ஒரு வரியை வைத்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டு யூதர்களை அடித்தார்கள். புனித வாரம் வந்தாலே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த சனம் அது. ஜெர்மனியில் ஒபராமெர்காவ் என்ற ஊரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பெரிய பாஸ்கா நாடகம் போடுவார்கள். 1934இல் ஹிட்லரே போய்ப் பார்த்தான். யூத ஆபத்தை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று பிற்பாடு புகழ்ந்தான். நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் சிலுவையில் அறையும் என்று பையன்கள் தொண்டை கிழியக் கத்தும்போது இதெல்லாம் யார் நினைத்தோம்? நமக்கு யூதர் என்றால் வாசகத்தில் வருகிறவர். அடுத்த தெருவில் குடியிருக்கிறவர் இல்லை. இந்த ஊர்ப் பகுதியிலோ ஐந்து லட்சத்துக்கு மேல் யூதர்கள் வாழ்கிறார்கள்.

1965இல், கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார் மேலும் இன்றைய யூதர் மேலும் பழி போடக் கூடாது என்று அறிவித்தது. 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் ரோமாபுரி யூதத் தொழுகைக்கூடத்துக்கே போய் அவர்களை மூத்த சகோதரர்கள் என்றார். பாடுகளை நாடகமாகப் போடுகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க ஆயர்கள் 1988இல் எழுதியே கொடுத்துவிட்டார்கள். கிப்சனோ அந்தச் சங்கத்தின் சீர்திருத்தங்களை ஏற்காத பழைய மரபுக்காரர், தனக்கென்று மாலிபு மலையில் தனிக் கோயிலே கட்டிக்கொண்டவர். ஆகவே அவரை விமர்சித்தால் கிறிஸ்தவர்களைத் தாக்குவதாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரோடு முதலில் முரண்படுவது நம் திருச்சபைதான்.

அப்புறம் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்த தண்டனை. 2006இல் அவரை எல்லாரும் ஒதுக்க வேண்டும் என்று ஆரி இமானுவேல் என்ற பெரிய ஏஜென்ட் எழுதினார். ஒரு டிவி தொடர் கைவிடப்பட்டது. ஆனால் அதே வருஷக் கடைசியில் வந்த அவருடைய அடுத்த படம் வசூலில் முதலிடம். 2017இல் சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்குப் பெயரும் வந்தது. இயேசு படத்தின் தொடர்ச்சியும் அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆகவே இந்தப் பேச்சு உங்கள் ஆபீஸில் மறுபடி வரும். 2022 அக்டோபரில் ராப் பாடகர் கன்யே வெஸ்ட் யூதர்களை மிரட்டி ட்வீட் போட்டபோதும், அவரை ஒதுக்கச் சொல்லி அதே இமானுவேல்தான் எழுதினார். கன்யேயோடு சேர்ந்து காலணி விற்ற அடிடாஸ் கம்பெனி இரண்டு வாரத்துக்கு மேல் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உறவை முறித்தது. கம்பெனிகளின் கோபத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. அது லாப நஷ்டம் பார்த்து வருவது.

பயப்பட வேண்டியது வேறு. அடிடாஸ் யோசித்துக்கொண்டிருந்த அந்த வாரமே இந்த ஊர் 405 நெடுஞ்சாலை மேம்பாலத்தில், யூதர்களைப் பற்றி கன்யே சொன்னது சரி என்று பேனர் கட்டி, நாஜி பாணியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள் சிலர். அடுத்த பிப்ரவரியில், இங்கே யூதர்கள் அதிகம் வாழும் பிகோ-ராபர்ட்சன் பகுதியில், தொழுகை முடித்து வந்த இரண்டு பேர் அடுத்தடுத்த நாளில் சுடப்பட்டார்கள். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள். பிட்ஸ்பர்கில் 2018இல் 11 பேர் தொழுகைக்கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டது அவர்களுக்கு மறக்குமா? எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். சனிக்கிழமை அவர்கள் வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்று பையைத் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். உங்கள் நண்பர் பிள்ளைகளை அந்த வாசல் வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்.

அவரிடம் பெரிய விளக்கம் வேண்டாம். அந்தப் படம் உங்களுக்குச் சங்கடம் தரும் என்று எனக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது என்றால் போதும். யூதர்கள் மூளைக்காரர்கள், பணம் பண்ணத் தெரிந்தவர்கள் என்று நம் வாட்ஸப் குரூப்பில் பாராட்டுவதை மட்டும் அங்கே எடுத்துவிடாதீர்கள். அதுவும் அவர்களை அடிக்கப் பயன்பட்ட பேச்சுதான். கண்டிப்பான மேனேஜரைச் சிரித்துக்கொண்டே ஹிட்லர் என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

விருந்துக்குத் தாராளமாகப் போங்கள். வீட்டுப் பாஸ்காவுக்கு அழைப்பது பெரிய மரியாதை. இது நம் பெரிய வியாழன் இராவுணவு அல்லவா என்று நீங்களாகப் பாடம் நடத்தாமல், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ரொட்டி, கேக் எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பிய வழி வந்த யூதர் பலர் அந்த நாட்களில் அரிசி, பருப்பும் தொடமாட்டார்கள், ஆகவே வீட்டில் சுட்ட முறுக்கும் வேண்டாம். பூங்கொத்து போதும், ஒயின் என்றால் யூத உணவு விதிப்படி பாஸ்காவுக்கு ஏற்றது என்று சொல்லும் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விடுதலைப் பயணக் கதையைப் பாட்டும் கேள்வியுமாக நெடுநேரம் வாசித்த பிறகுதான் சாப்பாடு வரும். சாயங்காலம் லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.